மலிவின் அளவுகோல்: குறைந்தவிலை முறைவழியாக்கிகளின் விலையும் செயலாற்றலும்

1. தோற்றுவாய்

கணனியொன்றை வாங்க முற்படும் மாணவரோ ஆசிரியரோ, கணனிக்கூடமொன்றை அமைக்க முனையும் கல்வி நிறுவனமோ முதலில் எதிர்நோக்கும் வினா, கையிலுள்ள பணத்துக்கு எந்த முறைவழியாக்கி தகும் என்பதாகும். கடைவழக்கிற் 'புறோசெசர்' எனப்படும் இவ்வுறுப்பு, நினைவகத்திலிருந்து கட்டளைகளை வரிசையாக எடுத்து, அவற்றை இனங்கண்டு நிறைவேற்றும் சிலிக்கன் சில்லாகும். கணனியின் ஏனைய உறுப்புகளைவிட இதன் பெயரே விளம்பரங்களில் முதன்மை பெறுகின்றது. கணனியின் விலையும் பெரும்பாலும் இதனை முன்வைத்தே நியாயப்படுத்தப்படுகின்றது.

மேற்குறித்த வினாவுக்கு வணிக உலகம் தரும் விடை எளிமையானது. சோதனை நிரலொன்றில் முறைவழியாக்கி பெறும் புள்ளியை அதன் விலையால் வகுக்க வேண்டும். ஈவு எதற்குக் கூடுதலாகவுள்ளதோ அதுவே வாங்கத்தக்கது என்பதே அவ்விடை. கணித முறையில் இதிற் பிழை காண்பதற்கில்லை. ஆயின், தொகுதியாக அமையும் செயலாற்றலும் பகுதியாக அமையும் விலையும் ஐயத்துக்கிடமற்ற அளவுகள் என்னும் எடுகோள் இதனுள் மறைந்துள்ளது. செயலாற்றல் யாருடைய வேலையைக் கொண்டு அளக்கப்பட்டது? விலை எதன் விளைவாக அமைந்தது? இவ்விரு வினாக்களையும் எழுப்பாது பெறப்படும் ஈவு, விற்பவரின் கணக்கை வாங்குபவர் தம் கணக்கென மயங்குவதற்கே இடமளிக்கும்.

கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திற் சந்தைக்கு வந்த சில மலிவான முறைவழியாக்கிகளின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலிவு யாவும் ஒரே தன்மையன அல்ல. உற்பத்தியில் அடையப்பெற்ற சிக்கனத்தாற் பிறக்கும் மலிவும், உள்ள ஆற்றலைத் தடுத்து வைப்பதாற் பிறக்கும் மலிவும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்து, தமது வேலையையே அளவுகோலாகக் கொள்பவர் மாத்திரமே தகுந்த தெரிவைச் செய்தல் கூடும் என்பது எமது கருத்து.

2. செயலாற்றல் என்பது யாது?

நிரலொன்றை நிறைவேற்றுவதற்கு முறைவழியாக்கி எடுக்கும் நேரம் மூன்று காரணிகளின் பெருக்கமாகும். நிறைவேற்றப்படவேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கை முதலாவது. ஒரு கட்டளைக்குச் சராசரியாக வேண்டிய கடிகாரச் சுற்றுகள் எத்தனை என்பது இரண்டாவது. ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மூன்றாவது. விளம்பரங்களில் மெகாஹேட்ஸ், கிகாஹேட்ஸ் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படும் கடிகார வேகம், இம்மூன்றனுள் இறுதியானதை மட்டுமே குறிக்கின்றது. விரைவாகக் காலடி வைப்பவர் எல்லோரும் விரைவாக ஊர் சேர்வதில்லை. ஒவ்வோர் அடியும் எவ்வளவு நீளமானது என்பதும் அறியப்படவேண்டும்.

இவ்வுண்மையை வரலாறு பலமுறை எடுத்துக்காட்டியுள்ளது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் இன்ரெல் கம்பனி வெளியிட்ட பென்ரியம் 4, கட்டளை நிறைவேற்றத்தை இருபது சிறு படிகளாகப் பகுத்து, அதன் பயனாகக் கடிகார வேகத்தை உயர்த்தும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. 1.5 கிகாஹேட்ஸ் என்னும் வேகம் வாங்குவோரைக் கவர்ந்தது. எனினும், ஒரு சுற்றில் அது ஆற்றிய வேலை, அதற்கு முற்பட்ட பென்ரியம் 3 ஆற்றிய வேலையிலும் குறைவானதாகவே இருந்தது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2001ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தனது அத்லோன் எக்ஸ்.பி. வரிசையை வெளியிட்டபோது, கடிகார வேகத்தைப் பெயரிற் சேர்க்காது விட்டது. 1.53 கிகாஹேட்ஸில் இயங்கிய சில்லு '1800+' என்ற பெயருடன் விற்கப்பட்டது. பொதுமக்களின் மனத்தில் எண் ஒன்றே நிலைபெற்றுவிட்டமையால், அவ்வெண்ணை மறுக்க முற்பட்ட கம்பனியும் மற்றோர் எண்ணையே நாடவேண்டியதாயிற்று.

மாற்று எண்களும் குறைபாடற்றவை அல்ல. சைறிக்ஸ் என்னும் சிறிய கம்பனி 1990களின் நடுப்பகுதியில் விற்ற 6எக்ஸ்86 வகை முறைவழியாக்கிகள் இதற்குச் சான்றாகும். 150 மெகாஹேட்ஸில் இயங்கிய சில்லுக்கு 'பி.ஆர். 200+' எனப் பெயரிடப்பட்டது. அதாவது, அது 200 மெகாஹேட்ஸ் பென்ரியத்துக்கு நிகரானது என்பது பொருள். சொற்செயலாக்கம், கணக்குத்தாள் முதலிய முழுவெண் சார்ந்த வேலைகளில் இக்கூற்றுக்கு ஆதாரம் இருந்தது. தசமக் கணிப்புகளை மிகுதியாக வேண்டும் வேலைகளிலோ அச்சில்லு பென்ரியத்துக்குப் பெரிதும் பின்தங்கியது. 1996இல் வெளிவந்த 'குவேக்' என்னும் முப்பரிமாண விளையாட்டு இக்குறையை உலகறியச் செய்தது. அலுவலக எழுதுவினைஞர் ஒருவருக்கு அது நல்ல கொள்வனவாகவும், பொறியியல் மாணவர் ஒருவருக்குத் தவறான கொள்வனவாகவும் ஒரே வேளையில் இருந்தது. சில்லு ஒன்றே, விலையும் ஒன்றே, வேலை வேறுபட்டமையாற் பெறுமதி வேறுபட்டது.

எனவே, செயலாற்றல் என்பது சில்லினுள் மட்டும் உறையும் குணமன்று. சில்லுக்கும் வேலைக்கும் இடையிலான தொடர்பாகும். பல்வகைச் சோதனைகளின் சராசரியாகத் தரப்படும் ஒற்றைப் புள்ளி, யாருடைய வேலையையும் முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை.

3. இருவகை மலிவு

இனி, பின்னத்தின் பகுதியாக அமையும் விலையை நோக்குவோம். இவ்விடத்து இரு வரலாற்று நிகழ்வுகளை ஒப்பிடுதல் பயனுடையது.

முதலாவது, மொஸ் ரெக்னோலொஜி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 6502 ஆகும். 1974இல் வெளிவந்த இன்ரெல் 8080 முறைவழியாக்கி தனியொன்றாக வாங்குவோருக்கு 360 டொலர் விலை கூறப்பட்டது. மோட்டறோலாவின் 6800 உம் தொடக்கத்தில் அதே விலையுடையதாயிருந்தது. மலிவான சில்லொன்றை உருவாக்கவேண்டும் என்னும் கருத்துக்கு மோட்டறோலாவில் ஆதரவு கிடைக்காமையால், சக் பெடில் என்னும் பொறியியலாளரும் அவருடைய சகபாடிகள் சிலரும் 1974இல் அங்கிருந்து விலகி மொஸ் நிறுவனத்திற் சேர்ந்தனர். 1975ஆம் ஆண்டு செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற மின்னணுவியற் கண்காட்சியின்போது, விடுதி அறையொன்றில் வைத்து 6502ஐ 25 டொலருக்கு விற்றனர்.

இவ்விலைக்குறைப்பு உற்பத்தி முறையில் வேரூன்றியிருந்தது. 6800இல் இரண்டாக இருந்த திரள்பதிவகம் 6502இல் ஒன்றாக்கப்பட்டது. இன்றியமையாதன அல்லாத பகுதிகள் நீக்கப்பட்டன. சில்லின் பரப்பு குறையக் குறைய, ஒரே சிலிக்கன் வட்டத்தகட்டிலிருந்து பெறும் சில்லுகளின் தொகை கூடும். ஒவ்வொரு சில்லும் பழுதுக்குள்ளாகும் வாய்ப்பும் குறையும். இத்துடன், சில்லின் வரைவைத் தகட்டிற் பதிக்க உதவும் மறைப்புத் தகடுகளிற் காணப்படும் பிழைகளைத் திருத்தும் நுட்பத்திலும் அந்நிறுவனம் தேர்ச்சி பெற்றிருந்தது. இவ்வாறு, சில்லு ஒன்றை ஆக்குவதற்கான உண்மைச் செலவே குறைந்தது. ஆற்றலிலோ அது விலைக்கேற்பத் தாழ்ந்துவிடவில்லை. பல வேலைகளில் தன்னிலும் விலைகூடியவற்றுக்கு ஈடுகொடுத்தது. அதே ஆண்டிலேயே மோட்டறோலா 6800இன் விலையை 69 டொலராகக் குறைக்க நேர்ந்தது. 1976இல் அப்பிள் கம்பனியின் முதற் கணனியும், 1977இல் அப்பிள் 2, கொமடோர் பெற் ஆகியனவும், 1981இல் பிரித்தானியப் பாடசாலைகளிற் பரவிய பி.பி.சி. மைக்றோவும் 6502ஐக் கொண்டே எழுந்தன. வீட்டுக்கணனி என்னும் பண்டம் தோன்றுவதற்கு அதன் மலிவு ஒரு முன்னிபந்தனையாய் அமைந்தது எனலாம்.

இரண்டாவது, இன்ரெல் 1991ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட 486 எஸ்.எக்ஸ். ஆகும். இதற்கு ஈராண்டுகளுக்கு முன் வெளிவந்த 486 டீ.எக்ஸ்., தசமக் கணிப்புகளை விரைந்து செய்யும் அலகைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. எஸ்.எக்ஸ். வகையில் அவ்வலகு இல்லை என விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மையில், தொடக்கத்தில் விற்கப்பட்ட எஸ்.எக்ஸ். சில்லுகள் டீ.எக்ஸ். சில்லுகளே, அவற்றின் தசமக் கணிப்பு அலகு செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. அதாவது, குறைந்த விலையிலான பண்டத்தை ஆக்குவதற்குக் கூடிய விலையிலான பண்டத்தை முழுமையாக ஆக்கி, அதன்பின் அதில் ஒரு பகுதியை முடக்கவேண்டியிருந்தது.

பின்னர் அவ்வலகை வேண்டியவர்களுக்கென 487 எஸ்.எக்ஸ். என்னும் துணைச்சில்லு விற்கப்பட்டது. இதுவும் பெயரளவிலேயே துணைச்சில்லு. உள்ளே இருந்தது முழுமையான 486 டீ.எக்ஸ்.! அதனைப் பொருத்தியதும் முன்பிருந்த எஸ்.எக்ஸ். முற்றாக நிறுத்தப்பட்டு, புதிய சில்லே வேலை முழுவதையும் ஏற்றுக்கொண்டது. வாங்கியவர் இரு சில்லுகளுக்குப் பணம் செலுத்தினார். ஒன்று என்றென்றும் உறங்கியது.

6502இல் ஓர் உறுப்பை நீக்கியமை உழைப்பையும் பொருளையும் மீதப்படுத்தியது. 486 எஸ்.எக்ஸில் ஓர் உறுப்பை முடக்கியமை எதனையும் மீதப்படுத்தவில்லை. இரண்டும் சந்தையில் 'மலிவுப் பதிப்பு' என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டபோதிலும், சமூக நோக்கில் அவை எதிரெதிரானவை.

4. தடுத்து வைத்தலின் பொருளியல்

பயனுள்ள பண்டத்தை அதன் உற்பத்தியாளரே ஏன் பழுதாக்க வேண்டும்? இதற்கான விளக்கம் கணனிக் காலத்துக்கு மிக முற்பட்டது. பிரெஞ்சுப் பொறியியலாளரான யூல் துப்புயி 1849இல் புகைவண்டிக் கட்டணங்கள் பற்றி எழுதியபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரையிடாது விட்டமைக்குக் கூரையின் செலவு காரணமன்று என்பதைச் சுட்டிக்காட்டினார். இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைச் செலுத்தக்கூடியவர் மூன்றாம் வகுப்பிற் செல்லாதவாறு தடுப்பதே அதன் நோக்கம். வறியவர் மழையில் நனைந்தமை, வசதியுள்ளவரை அச்சுறுத்துவதற்காகவே. 486 எஸ்.எக்ஸின் முடக்கப்பட்ட அலகு, இக்கூரையற்ற பெட்டியின் இருபதாம் நூற்றாண்டு வடிவமாகும்.

1996இல் பொருளியலாளர்களான றேமண்ட் டெனெக்கெரே, பிரெஸ்ரன் மக்காபி ஆகியோர் இத்தகையவற்றைச் 'சேதமாக்கப்பட்ட பண்டங்கள்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர், 486 எஸ்.எக்ஸ். அவர்களுடைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இவ்வாறான சேதப்படுத்தல் சில நிலைமைகளில் எல்லாத் தரப்பினருக்கும் நன்மை தருதலும் கூடும் என அவர்கள் காட்டினர். மலிவுப் பதிப்பு இல்லையெனின் வறியவருக்கு எப்பண்டமும் கிட்டாது போகலாம் என்பதே அவ்வாதத்தின் சாரம். இதனை எளிதிற் புறக்கணித்தல் பொருந்தாது. முறைவழியாக்கி உற்பத்தியில் தொழிற்சாலை அமைப்பதற்கும் வடிவமைப்புக்குமான நிலையான செலவு மிகப் பெரிது. அவற்றுக்குப் பின்னர் மேலும் ஒரு சில்லை ஆக்கும் செலவு மிகச் சிறிது. இத்தகைய தொழிலில் எல்லாருக்கும் ஒரே விலை என்பது நடைமுறையில் எளிதன்று.

மேலும், எல்லாக் குறைப்புகளும் செயற்கையானவை எனக் கொள்ளுதலும் தவறு. சிலிக்கன் தகட்டிற் சில இடங்களில் பழுது ஏற்படுதல் தவிர்க்கவியலாதது. ஏ.எம்.டி. 2008இல் விற்ற மூன்று கருக்களையுடைய பீனொம் முறைவழியாக்கிகள், நான்கு கருக்களுடன் ஆக்கப்பட்டு, ஒன்று முடக்கப்பட்டவை. ஒரு கரு பழுதுற்ற சில்லை எறிந்துவிடாது குறைந்த விலையில் விற்றல் விரயத்தைத் தடுப்பதாகும். ஆயின், கேள்வி மிகும்போது பழுதற்ற சில்லுகளும் அதே பெயரில் முடக்கி விற்கப்பட்டன என்பதை, முடக்கிய கருவை மீளச் செயற்படுத்திப் பயன்படுத்திய பலரின் அனுபவம் உணர்த்தியது. உண்மைப் பழுதுக்கும் உண்டாக்கிய பழுதுக்கும் இடையிலான எல்லையை வாங்குபவர் வெளியிலிருந்து காணமுடியாது.

இவ்வொழுங்கின் உச்ச வடிவம் 2010இல் வெளிப்பட்டது. இன்ரெல் அவ்வாண்டில் ஒரு பென்ரியம் முறைவழியாக்கியை விற்று, அதனுள் அடைக்கப்பட்டிருந்த ஆற்றலைத் திறப்பதற்கான குறியீட்டு அட்டையை 50 டொலருக்குத் தனியாக விற்க முற்பட்டது. வாங்கியவரின் மேசைமீதே இருந்த, அவருடைய பணத்தால் வாங்கப்பட்ட சிலிக்கனுக்கு இரண்டாம் முறை விலை கோரப்பட்டது. கடும் கண்டனத்துக்குள்ளான அத்திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

5. போட்டியும் மலிவின் தரமும்

அவ்வாறாயின், மலிவுப் பதிப்பு எவ்வளவு தூரம் முடக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது எது? சிலருரிமைச் சந்தையில் போட்டியின் வலிமையே அதனைத் தீர்மானிக்கின்றது என்பதற்குச் செலறோன் வரலாறு தக்க சான்றாகும்.

1998ஆம் ஆண்டு ஏப்ரலில் இன்ரெல் தனது முதலாவது செலறோனை 266 மெகாஹேட்ஸ் வேகத்தில் வெளியிட்டது. பென்ரியம் 2இன் கருவையே கொண்டிருந்த அதில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் அடியோடு நீக்கப்பட்டிருந்தது. பதுக்கு நினைவகம் என்பது முறைவழியாக்கிக்கு அண்மையில் வைக்கப்படும், அளவிற் சிறியதும் வேகத்திற் கூடியதுமான நினைவகமாகும். ஒவ்வொரு தேவைக்கும் நூலகத்துக்கு நடவாது, அடிக்கடி வேண்டிய நூல்களை மேசைமீது வைத்துக்கொள்வதை அது ஒத்தது. அது இன்மையால் அலுவலக வேலைகளிற் செலறோன் வெகுவாகத் தளர்ந்தது. பாவனையாளரின் ஏளனத்துக்கும் இலக்காயிற்று. அதே வேளையில் ஆயிரம் டொலருக்குக் குறைந்த கணனிகளின் சந்தை விரிவடைந்து கொண்டிருந்தது. மே மாத இறுதியில் ஏ.எம்.டி. தனது கே6-2 முறைவழியாக்கியுடன் அச்சந்தையில் இறங்கியது.

ஆகஸ்ட் மாதத்திலேயே இன்ரெல் செலறோன் 300ஏ என்பதை 149 டொலருக்கு வெளியிட்டது. இதில் 128 கிலோபைற் பதுக்கு நினைவகம் சில்லினுள்ளேயே அமைந்து, கருவின் முழு வேகத்தில் இயங்கியது. அதே நாளில் வெளிவந்த 450 மெகாஹேட்ஸ் பென்ரியம் 2இன் விலை 669 டொலர். அதன் பதுக்கு நினைவகம் 512 கிலோபைற் எனினும், கருவின் அரைவாசி வேகத்திலேயே இயங்கியது. தாய்ப்பலகையில் தரவு செல்லும் பாட்டையின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேட்ஸாக மாற்றியதும், 300ஏ சில்லுகள் மிகப் பல 450 மெகாஹேட்ஸில் உறுதியாக இயங்கின; பல வேலைகளில் நான்கு மடங்குக்கு மேல் விலையுடைய பென்ரியத்துக்கு அருகில் வந்தன. விலைகளுக்கிடையிலான அப்பெரும் இடைவெளி ஆற்றலின் இடைவெளியைக் குறிக்கவில்லை என்பதை இது அம்பலப்படுத்தியது.

அண்மைக் காலத்திலும் இதனையொத்த போக்கைக் காணலாம். 2007 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இன்ரெலின் பொதுப்பாவனை மேசைக்கணனி வரிசை நான்கு கருக்களுடன் நின்றுவிட்டது. அதன் இடைத்தர ஐ3 வகை இரண்டு கருக்களுடனேயே விற்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டுக் கருக்களையுடைய றைசன் வரிசையைக் கொணர்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்ரெலின் ஐ3 வகை, விலையிற் குறிப்பிடத்தக்க மாற்றமின்றி, நான்கு கருக்களைப் பெற்றது. ஏழு மாதங்களிற் கருக்களின் தொகை இரட்டித்தமைக்கு அறிவியல் முன்னேற்றம் மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் கடினம். மலிவு என்பது கம்பனிகளின் கருணையாலன்றி, அவற்றின் ஆதிக்கம் தளரும் தறுவாயிலேயே தரமுடையதாகின்றது.

6. எடைபோடும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து வாங்குவோருக்குப் பயன்படும் சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவதாக, முறைவழியாக்கியின் விலையை மட்டும் பகுதியாகக் கொள்ளுதல் கூடாது. கற்பனை எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். 'அ' என்னும் முறைவழியாக்கி 20,000 ரூபா; அதன் செயலாற்றல் 100 அலகு. 'ஆ' 40,000 ரூபா. செயலாற்றல் 150 அலகு. ஆயிரம் ரூபாவுக்கு 'அ' 5 அலகும் 'ஆ' 3.75 அலகும் தருவதால் 'அ' சிறந்ததெனத் தோன்றும். ஆனால் முறைவழியாக்கி தனித்து இயங்குவதில்லை. நினைவகம், சேமிப்பகம், திரை முதலியவற்றுக்கு 100,000 ரூபா வேண்டுமெனின், முழுக் கணனியின் விலை முறையே 120,000 ரூபாவும் 140,000 ரூபாவும் ஆகும். இப்போது ஆயிரம் ரூபாவுக்கு 'அ' ஏறத்தாழ 0.83 அலகும், 'ஆ' 1.07 அலகும் தருகின்றன. முடிவு தலைகீழாகின்றது. இதற்கு மாறாக, ஏலவேயுள்ள கணனியில் முறைவழியாக்கியை மட்டும் மாற்றுபவருக்கு முதற் கணக்கே பொருந்தும்.

இரண்டாவதாக, வேலையில் முறைவழியாக்கியின் பங்கு எவ்வளவு என்பதை அறிதல் வேண்டும். 1967இல் ஜீன் அம்டால் விளக்கிய விதி இவ்விடத்து உதவும். ஒரு வேலைக்கு 10 செக்கன் வேண்டுமெனவும், அதில் 4 செக்கன் முறைவழியாக்கியாலும் 6 செக்கன் வன்தட்டாலும் ஆவதெனவும் கொள்வோம். முறைவழியாக்கியின் வேகத்தை இரட்டித்தால் மொத்த நேரம் 8 செக்கனாகும். அப்பணத்தைக் கொண்டு வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, 6 செக்கனை ஒன்றாக்கினால் மொத்த நேரம் 5 செக்கனாகும். மந்தமான பழைய கணனிகள் பலவற்றின் குறை முறைவழியாக்கியில் இல்லை என்பது இக்கணக்காற் புலனாகும்.

மூன்றாவதாக, நீக்கப்பட்டது யாது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பென்ரியம் ஜி4560 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு கருக்கள், ஒரே வேளையில் நான்கு இழைகள், 3.5 கிகாஹேட்ஸ் வேகம், 64 டொலர் விலை. அதே அமைப்புடைய ஐ3-7100, 3.9 கிகாஹேட்ஸில் 117 டொலருக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தவர் விலையில் அரைப்பங்களவை மீதப்படுத்தினார். ஆயின், ஒரே கட்டளையாற் பல எண்களைக் கணிக்கும் ஏ.வி.எக்ஸ். கட்டளைத் தொகுதி ஜி4560இல் தடுக்கப்பட்டிருந்தது. கட்டுரை எழுதுபவருக்கு இதனால் இழப்பில்லை. எண்சார் ஆய்விலும் படச் செயலாக்கத்திலும் ஈடுபடும் ஆய்வாளருக்கோ மீதப்படுத்திய பணத்திலும் இழந்த நேரம் பெரிதாகலாம்.

நான்காவதாக, வாங்கும் நாளின் விலையோடு கணக்கு முடிவதில்லை. இரு கணனிகளின் மின்நுகர்வு சராசரியாக 20 வாற்றால் வேறுபடின், நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்ற கணக்கில் வேறுபாடு 40 அலகு மின்சாரமாகும். நாற்பது கணனிகளையுடைய கூடத்தில் அது ஆண்டுக்கு 1,600 அலகு. 2023இல் வெளிவந்த இன்ரெல் என்100 போன்ற, நான்கு கருக்களும் 6 வாற்று வெப்ப வடிவமைப்பு அளவும் உடைய சில்லுகளைச் சோதனைப் புள்ளியைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் இதனாற் பொருந்தாது.

பாவனைக் காலமும் கருத்திற்கொள்ளப்படல் வேண்டும். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, இன்ரெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட முறைவழியாக்கிகளுட் பெரும்பாலானவற்றைத் தனது பட்டியலிற் சேர்க்கவில்லை. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஜி4560, விற்பனைக்கு வந்து ஐந்தாண்டு நிறைவுறுமுன்னரே அப்பட்டியலுக்குப் புறம்பானது. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இன் பொது ஆதரவும் முடிவுற்றது. சிலிக்கன் தேயவில்லை, அதன் ஆற்றல் குன்றவில்லை, இருந்தும் அது 'பழையது' எனப்பட்டது. லினக்ஸ் போன்ற திறந்த இயங்குதளங்கள் இத்தகைய கணனிகளுக்கு மறுவாழ்வு அளிக்கின்றன என்பதனைக் கல்வி நிறுவனங்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

7. முடிவுரை

அந்நியச் செலாவணி கொண்டு முறைவழியாக்கிகளை இறக்குமதி செய்யும் எம் போன்ற நாட்டில் இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று வீதம், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. 64 டொலர்ப் பண்டமொன்று, வரிகளும் பிற செலவுகளும் நீங்கலாக, 12,800 ரூபாவிலிருந்து 23,000 ரூபாவளவுக்கு உயர்ந்தது. சில்லுகளுக்கிடையிலான விலை விகிதம் மாறவில்லை. விலைக்கும் ஊதியத்துக்குமான விகிதமே மாறியது. தவறான தெரிவொன்றின் அமையச் செலவு இங்கு நூல்களாகவும், ஆய்வுகூடப் பொருள்களாகவும், இன்னுமொரு மாணவருக்குக் கிட்டியிருக்கக்கூடிய கணனியாகவும் அமைகின்றது.

நிறுவனங்களின் கொள்வனவுப் பத்திரங்களிற் கடிகார வேகமும் சில்லின் பெயருமே நிபந்தனைகளாக எழுதப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அக்கூடத்தில் நடைபெறவிருக்கும் வேலை யாது, அதனை எத்தனை செக்கனில் முடித்தல் வேண்டும், எத்தனை ஆண்டு பயன்படல் வேண்டும் என்பன அவற்றில் இடம்பெறுவது அரிது. இவ்வொழுங்கு மாறவேண்டும். கொள்வனவுக்கு முன், அங்கு உண்மையிற் பயன்படும் நிரல்கள் இரண்டு மூன்றையேனும் மலிவான சில்லொன்றிலும் விலைகூடிய சில்லொன்றிலும் இயக்கி, எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் இயலக்கூடியதே. அவ்வாறு பெறும் அளவீடுகளைத் துறைகள் தம்முட் பகிர்ந்துகொள்ளுமாயின், தனியொருவர் சந்தையிற் காணமுடியாத எல்லைகள் பலருக்கும் புலப்படும்.

6502 தோன்றிய காலத்தில், 25 டொலர்ச் சில்லு விளையாட்டுப் பொருளாகவே இருத்தல் கூடும் என ஐயுற்றோர் இருந்தனர். அதனைத் தம் வேலையில் இட்டுச் சோதித்தவர்களே உண்மையை அறிந்தனர். இன்றும் அவ்வழியே எமக்குரிய வழியாகும்.